பழைய மேசையும் புதிய பூச்சும்

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, இப்பகுதியில் எழுத எண்ணியிருந்த வேறொரு பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதும்படி செய்துவிட்டது. எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் தாய். கணவருக்கு வேலை போய் ஓராண்டாகிறது. சொந்த வீட்டை விட்டு நகரத்தில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு எழுதிப் படிக்க மேசை இல்லை. தவணைக்கு வாங்கலாம் என்றால், இருக்கும் தவணைகளைக் கட்டவே வழியில்லை. ஆகவே பழைய சாமான் கடையில் இழுப்பறை வைத்த மர மேசை ஒன்றும், பிரம்பு அறுந்த நாற்காலி ஒன்றும் பேரம் பேசி வாங்கி வந்தார். மகள் அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுக் குப்பை அம்மா இது?" என்று கேட்டாளாம்.

"பழைய சாமான்களுக்கு வண்ணம் தீட்டி, காகிதப் படங்களை வெட்டி ஒட்டிப் புதிதாக்குகிறார்களாமே, அதை எனக்குக் கற்றுத் தாருங்கள். அது பழையது என்று யாருக்குமே தெரியக் கூடாது" என்று அவ்வம்மையார் முடித்திருக்கிறார்.

கற்றுத் தருவதில் நமக்குத் தடையில்லை. அக்கடைசி வரியில்தான் நமக்கு முழு உடன்பாடு இல்லை. அதன் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், நாம் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லியாக வேண்டும்.

நம் வீட்டில் தாய்வழிப் பாட்டனார் விட்டுச் சென்ற கை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. ஈட்டி மரம். பளபளப்பெல்லாம் போய், கறுத்து, பார்ப்பதற்கு எண்ணெய் ஏறிய பலகைபோல இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலிருக்கும். வீட்டுச் சன்னல் கம்பிகளுக்கு அடித்ததில் அரை டப்பா பச்சை எனாமல் மிஞ்சிவிட்டது. அன்னையார் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், அவர் வந்து பார்த்து மகிழட்டும் என்று, அந்நாற்காலிக்கு இரண்டு கை பூச்சு அடித்துவிட்டோம். வந்தார், பார்த்தார், "நன்றாயிருக்கிறது" என்றார். அதன்பின் அவர் அதில் உட்காரவில்லை. மாலை வேளையில் செபமாலை சொல்லும்போதும் சுவரோரம் பாய் விரித்து அமர்ந்தார். மூட்டு வலிக்காரர் பாயில் அமர்ந்து எழுவதைப் பல நாள் கண்டும் நமக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டோம். "அப்பா கை வைத்து வைத்து வழவழவென்று ஆன இடம் ஒன்று இருந்தது. இப்போது அது எங்கேயென்று தெரியவில்லை" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே, வாசக அன்பர்களே, வண்ண டப்பாவைத் திறக்குமுன் நாம் எதை மறைக்கப் போகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேக்கு, ஈட்டி போன்ற நல்ல மரத்தால் ஆன சாமானுக்கு எனாமல் அடிப்பது அதன் மதிப்பைக் குறைப்பதேயாகும். அழுக்கைக் கழுவி, மெல்லத் தேய்த்து, மெருகெண்ணெயோ அரக்குப் பாலிஷோ கொடுத்தால் போதும். வண்ணம் எதற்கு ஏற்றது? மட்டமான மரத்துக்கு, பல வகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்த சாமானுக்கு, ஒட்டுப் பலகைக்கு, முன்னரே நாலைந்து தடவை பூசப்பட்டுத் தோல் உரிந்து நிற்கும் பொருளுக்கு. மேலே பூச்சு இருக்கும்போது உள்ளே என்ன மரம் என்று எப்படி அறிவது? மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இழுப்பறையை உருவி அதன் முதுகைப் பாருங்கள். தச்சர்கள் அங்கெல்லாம் பூச்சு அடிப்பதில்லை. மரத்தின் நிறமும் ரேகையும் அங்கே தெரியும். ஐயமிருந்தால் அக்கம்பக்கத்துத் தச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு குவளைக் காப்பியோடு முடியும் செலவு அது.

இன்னும் இரண்டு சோதனைகளை வாங்குமுன்பே செய்ய வேண்டும். குண்டூசித் தலையளவு துளைகளும், அவற்றின் கீழே மாவு போன்ற புதிய தூளும் கண்டால், உள்ளே உளுப் பூச்சி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். பொருத்துகளின் இடுக்கில் கரும்புள்ளிகள் கண்டால், அது மூட்டைப் பூச்சியின் அடையாளம். இவ்விரண்டில் எது இருந்தாலும், இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆட்டம் கண்ட கால்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைச் சரிசெய்துவிடலாம்.

இனி, காகிதம் ஒட்டும் இக்கலையைப் பற்றிச் சிறிது சொல்வோம். இதனை மேனாட்டார் டெக்கூபாஜ் என்பர். வெட்டியெடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதன் வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஒரு சிறு பங்குண்டு.

17ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பளபளக்கும் மெருகுப் பேழைகளும் தட்டிகளும் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. சீனத்துத் தட்டிகளுள் ஒரு வகையில் கரிய மெருகைச் செதுக்கி, அப்பள்ளங்களில் வண்ணம் இட்டிருப்பார்கள். அவை சோழமண்டலக் கடற்கரைத் துறைகளின் வழியாகச் சென்றமையால், சீனத்தில் பிறந்தும் "கோரமண்டல்" தட்டிகள் என்னும் நம் கடற்கரையின் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன. செல்வர் வீடுகளில் அவற்றுக்கு ஒரே மோகம். ஆனால் அம்மெருகு, கிழக்காசியாவில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. அப்பால் நெடுந்தொலைவு பயணம் தாங்காது. ஆகவே ஐரோப்பியக் கைவினைஞர் அதைப்போலத் தோன்றும் வேறொன்றைச் செய்ய முனைந்தனர். 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் ஆங்கிலத்தில் இதற்கென ஒரு நூலே வெளியிட்டனர். அவர்கள் சொன்ன மெருகுக்கு முதன்மையான சரக்கு எது தெரியுமா? நம் நாட்டு அரக்கு. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரந்து வைக்கும் பிசின் அது. அதைச் சாராயத்தில் கரைத்தால் மெருகெண்ணெய் ஆகும். இன்றும் ஜார்க்கண்டு மாநிலத்துப் பழங்குடியினர் பலாச மரங்களிலும் குசும் மரங்களிலும் அரக்கு வளர்த்துப் பிழைக்கின்றனர். நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் தேய்க்கும் பாலிஷும் அதுவே.

இந்தப் போலி மெருகின்மேல் ஓவியம் தீட்டுவதற்கு நல்ல ஓவியர் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வெனிசு நகரத்து வினைஞர் இதற்கு ஒரு வழி கண்டனர். அச்சிட்ட படங்களை வாங்கி, கையால் வண்ணம் தீட்டி, வெட்டியெடுத்து, பெட்டிகளிலும் மேசைகளிலும் ஒட்டி, அதன்மேல் மெருகைப் பூச்சுக்குமேல் பூச்சாக அடித்தனர். விரலால் தடவினால் காகிதத்தின் விளிம்பு தட்டுப்படாத அளவுக்கு அடித்தனர். பசானோ நகரத்து ரெமொண்டினி அச்சகம் இதற்கென்றே படத்தாள்களை அச்சிட்டு விற்றது. அக்கலைக்கு அவர்கள் இட்ட பெயர் "ஏழை மெருகு" என்பதாகும். இன்று அந்த ஏழை மெருகுப் பேழைகளை அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இது பெண்களின் பொழுதுபோக்காகப் பரவியது. இலண்டனில் இராபர்ட் சேயர் என்பவர் வெட்டி ஒட்டுவதற்கென்றே 1,500க்கு மேற்பட்ட சித்திரங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். 1762இல் அது மறுபதிப்புக் கண்டது. மேரி டிலேனி அம்மையாரை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனமில்லை. அவர் செய்தது மரச்சாமான் வேலையன்று எனினும் கத்தரிக்கோல் அதேதான். இருமுறை கைம்பெண்ணான அவர், தம் 72ஆம் வயதில், 1772இல், வண்ணத் தாள்களை இதழ் இதழாக வெட்டிக் கரிய தாளில் ஒட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில், கண் மங்கும்வரை, 985 மலர்களைச் செய்து முடித்தார். அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. "இந்த வயதில் எனக்கு என்ன கைவேலை வரும்" என்று நமக்கு எழுதும் பாட்டிமார்களுக்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

இப்போது வேலைக்கு வருவோம்.

முதலில் கழுவுதல். வெந்நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துத் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுத்து, பின்னர் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இருமுறை துடையுங்கள். தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஒட்டுப் பலகையானால் ஊறிப் பிரிந்துவிடும். நிழலில் இரண்டு நாள் உலரட்டும். ஆடும் காலைச் சிறிது பிரித்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, ஃபெவிகால் இட்டுப் பொருத்துங்கள். தச்சரிடம் உள்ள பிடிகருவி நம்மிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நூல் கயிற்றால் கால்களைச் சேர்த்துக் கட்டி, கயிற்றினிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நன்றாக இறுகும். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பள்ளங்களுக்கு மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்து அடைக்கலாம், கடையில் விற்கும் பட்டியும் வைக்கலாம்.

அடுத்தது தேய்த்தல். இங்கேதான் நாம் எல்லாரையும் கையெடுத்து வேண்டிக்கொள்ளும் இடம் வருகிறது. நம் பச்சை நாற்காலிக் கதையின் மறுபாதியும் இதுவே. அன்னையாரின் சொல்லைக் கேட்ட மறுநாளே அப்பூச்சைச் சுரண்டியெடுக்க உட்கார்ந்தோம். நடுக்கூடத்தில், உப்புத்தாளை வைத்து உலரத் தேய்த்தோம். பச்சைத் தூள் புகைபோல எழுந்தது. தங்கையின் கைக்குழந்தை அந்தத் தூளின்மேல் தவழ்ந்து வந்து விரலை வாயில் வைத்தது. அடுத்த வீட்டில் வண்ணம் பூசும் தொழில் செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாய் கழுவினோம். அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். நிறம் பளிச்சென்று நிற்பதற்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் சேர்ப்பார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அது மிகுதி. அத்தூள் குழந்தைகளின் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக நல நிறுவனம். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, 2017 நவம்பர் 1 முதல், வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் பழைய சாமான் கடை மேசைமீது இருக்கும் பூச்சு எந்த ஆண்டினது என்று யார் கண்டார்?

ஆதலால் பழைய வண்ணத்தை ஒருபோதும் உலரத் தேய்க்காதீர்கள். நெருப்பு காட்டி உரிக்கவும் வேண்டாம். வண்ணக் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் நனைத்துத் தேய்க்கும் தாள் கிடைக்கும். 180ஆம் எண் தாளில் தொடங்கி 320இல் முடிக்கலாம். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தால் தூள் பறக்காமல் சேறாக வரும். அதைப் பழைய துணியால் வழித்து, அத்துணியைக் காகிதத்தில் சுருட்டி எறிந்துவிட வேண்டும். துவைத்து மீண்டும் பயன்படுத்த வேண்டாம். திறந்த வெளியில், கீழே பழைய பாலித்தீன் விரிப்பை இட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்யுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருத்தலாகாது. முழுப் பூச்சையும் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. உரிந்து நிற்பவை போய், பளபளப்பு மங்கி, கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் போதும். நன்றாகப் பற்றியிருக்கும் பழைய பூச்சைப் புதிய பூச்சுக்குக் கீழே மூடிவிடுவதே பாதுகாப்பு.

பின்னர் பிரைமர் ஒரு கை. ஒரு நாள் உலரட்டும். வண்ணம் இரண்டு கை. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தூரிகை ஓட வேண்டும். கெட்டியாக ஒரு முறை அடிப்பதைவிட மெல்லியதாக இருமுறை அடிப்பது மேல். எண்ணெய் கலந்த பளபளப்பு எனாமலின்மேல் ஃபெவிகால் சரியாகப் பற்றாது. ஆகவே படம் ஒட்டும் பரப்புக்கு நீரில் கரையும் மங்கல் வண்ணமே நல்லது. ஏற்கெனவே எனாமல் அடித்தாயிற்று என்றால், ஒட்டும் இடத்தை 320ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்துப் பளபளப்பைப் போக்கிவிடுங்கள். இழுப்பறையின் பக்கங்களுக்கும் உட்புறத்துக்கும் வண்ணம் வேண்டாம். பூச்சின் கனத்தால் இறுகித் திறக்க வராது. அங்கே மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

படங்களை எங்கே தேடுவது? நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமேது! பழைய நாட்காட்டிகள், கிறிஸ்மசு வாழ்த்து அட்டைகள், திருமண அழைப்பிதழ்கள், பரிசுப் பொருள் சுற்றிய தாள்கள், பிள்ளைகளின் பழைய நிலப்படப் புத்தகம் இவையெல்லாம் உதவும். ஒன்றைக் கவனியுங்கள். செய்தித்தாளும் மெல்லிய வார இதழும் பசை பட்டவுடன் பின்பக்கத்து எழுத்தை முன்னால் காட்டிக் கொடுத்துவிடும். கணினி அச்சுப்பொறியில் எடுத்த படங்கள் சிலவற்றில் மை கரைந்து ஓடும். ஈரத் துணியை ஓரத்தில் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாழ்த்து அட்டைகள் கனமானவை. ஓரத்தை நகத்தால் பிரித்து, படம் உள்ள மேல்தாளை மட்டும் மெல்ல உரித்தெடுக்க வேண்டும். பொறுமையிருந்தால் வரும்.

புனிதர் படங்களை ஒட்டலாமா என்று சென்ற ஆண்டே ஓர் அன்பர் கேட்டிருந்தார். வீட்டுப் பீடத்தின் பின்பலகைக்கு அழகாகவே இருக்கும். உட்காரும் பலகையிலும், கால் படும் இடத்திலும், சோற்றுத் தட்டு வைக்கும் மேசையிலும் ஒட்டுவது முறையன்று. பீடமானால் இன்னொன்றும் உண்டு. எரியும் மெழுகுவர்த்தியை மெருகிட்ட காகிதத்தின் அருகே வைக்காதீர்கள்.

வெட்டுவதற்குச் சிறிய, கூரிய கத்தரிக்கோல் வேண்டும். பூத்தையலுக்கு வைத்திருப்பது போதும். படத்தின் உள்ளே உள்ள இடைவெளிகளை முதலில் வெட்டி, வெளி விளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள். கத்தரிக்கோலைத் திருப்பாமல் காகிதத்தைத் திருப்புங்கள். வெட்டியவற்றை உடனே ஒட்டிவிடாமல் மேசையின்மேல் பரப்பி, ஒரு நாள் போகவும் வரவும் பாருங்கள். இரவில் அழகாகத் தோன்றியது காலையில் நெரிசலாகத் தெரியும். பெரும்பாலோர் அளவுக்கு மீறித்தான் ஒட்டுகிறார்கள். மேசையின் ஒரு மூலையில் ஒரு கொடி, இழுப்பறையின் முகத்தில் ஒரு பறவை என்று நிறுத்திக்கொண்டால் கண்ணுக்கு இதமாயிருக்கும். இது நம் கருத்து. முழுதும் மூட விரும்புவோர் மூடட்டும்.

ஒட்டும் முறை இது. மூன்று பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு நீர். பசையை மரத்தில் மெல்லப் பூசி, காகிதத்தை அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஈரத் துணியால் அழுத்துங்கள். காற்றுக் குமிழ் எழுந்தால் பிளேடு முனையால் சிறு கீறல் இட்டு, ஊசியில்லாத மருந்துக் குழலால் துளிப் பசையைச் செலுத்தி அழுத்திவிடுங்கள். பிதுங்கிய பசையை உடனே துடைக்க வேண்டும். உலர்ந்தபின் அது மஞ்சள் திட்டாகத் தெரியும். ஓர் இரவு முழுதும் உலரவிட்டு, விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். எழும்பி நிற்பது எதுவாயினும் மெருகுக்கு முன்பே சரிசெய்தாக வேண்டும்.

கடைசியில் வார்னிஷ். வெனிசு நகரத்தார்போல் இருபது முப்பது பூச்சு நம்மால் ஆகாது. எனினும் ஆறு பூச்சுக்குக் குறையாமல் அடியுங்கள். ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்தபின் அடுத்தது. மூன்றாவது பூச்சுக்குப் பின் 400ஆம் எண் தாளால் நீர் தொட்டு மிக இலேசாகத் தேய்த்துத் துடைத்தால் காகித விளிம்பின் மேடு அடங்கும். அரக்குப் பாலிஷ் அழகானதே. ஆனால் சூடான குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். படிக்கும் மேசையிலும் உண்ணும் மேசையிலும் பாலியூரித்தேன் வார்னிஷ் அடிப்பதே தகும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்த அறையில் அன்றிரவு யாரும் படுக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை உலரும்போது தாமாகவே சூடேறித் தீப்பற்றக் கூடும். விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்துங்கள்.

இவ்வேலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைநாட்கள் ஆகா. ஈரக் காற்றில் ஸ்பிரிட் மெருகு பால்போல வெளுத்துவிடும்.

மடல் எழுதிய சகோதரிக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது ஆடாத மேசை. ஆகவே கழுவி, காலை இறுக்கி, விரிப்பு ஒன்று போட்டு இன்றே கொடுத்துவிடுங்கள். அரசுத் தேர்வு முடியும்வரை பூச்சு வேலையில் இறங்க வேண்டாம். வண்ண வாடையில் பிள்ளை படிக்க முடியாது. மே மாதம் வெயிலில் எல்லாம் விரைவில் உலரும். இடையில் படங்களைத் தேடுவதையும் வெட்டுவதையும் மகளிடமே விட்டுவிடுங்கள். படித்துக் களைத்த வேளையில் கால் மணி நேரம் கத்தரிக்கோல் பிடிக்கட்டும். எந்தப் படம், எந்த நிறம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் ஒருவராகவே அவள் அறியாமல் செய்து முடித்துக் காட்டினால், அது அம்மா மூடி மறைத்த பழைய மேசையாகவே அவள் கண்ணுக்குத் தெரியும். நாம் செய்த பச்சை நாற்காலியில் நிகழ்ந்ததும் அதுவே. உட்காருகிறவரை நாம் கேட்கவில்லை.

யாருக்கும் தெரியக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். தோழிகள் வந்து கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆயினும் தன் கையால் வெட்டி ஒட்டிய பிள்ளைகள், கேட்குமுன்பே "இதை நான் செய்தேன்" என்று சொல்வதையே நாம் கண்டிருக்கிறோம்.

நாற்காலியின் கதையைக் கேட்டு எழுதுவோர்க்காக இதையும் சொல்லிவிடுகிறோம். அந்த முதியவர் சொல்லிக் கொடுத்தபடி, கொல்லைப்புறத்தில் வைத்து, நனைத்து நனைத்துத் தேய்த்ததில் மூன்று வாரம் பிடித்தது. கைப்பிடி தெளிந்ததும் அன்னையார் வந்து விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். செதுக்கு வேலையின் இடுக்குகளில் இருந்த பச்சையை எங்களால் எடுக்க முடியவில்லை. பரவாயில்லை என்று சொல்லி அதில் அமர்ந்தார். பிறகு ஒன்பது ஆண்டுகள் அதில்தான் அமர்ந்தார்.

அறுந்த பிரம்பு இருக்கையை வீட்டிலேயே பின்னுவது எப்படி என்றும் இச்சகோதரி கேட்டிருக்கிறார். அதற்கு இம்முறை இடமில்லை. அடுத்த இதழில் எழுதுவோம். அதுவரை அந்த நாற்காலியில் ஒரு பலகையை வைத்து மேலே மெத்தை போட்டுக்கொள்ளட்டும். அறுந்த முனைகளை வெட்டி எறிந்துவிட வேண்டாம். பழைய பின்னலின் போக்கைப் பார்த்துப் பின்னுவதற்கு அவை தேவைப்படும்.